வெட்டாத குளம்

மலேசியாவின் குளுவாங்கில் வாசுகி, வெட்டாத குளத்தில் மூழ்கி இறந்தாள். நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டே முக்கால் மணி. நுரையீரலில் செம்மண் தண்ணீர் நிறைந்திருந்ததால் மருத்துவமனையிலும் வேறு காரணம் எழுத வழியில்லை.

வீடமைப்புத் திட்டம் எதுவானாலும் மண்ணைக் கிளறும் முன் வண்டல் குளம் வெட்ட வேண்டும் என்பது அனுமதி விதி. மழைநீர் அதில் தங்கி, மண் அடியில் படிந்த பிறகே ஊர் வடிகாலுக்குப் போகலாம். வாசுகியின் கணவன் குணாளன், செம்பனைத் தோட்டத்தை அழித்த ஒரு மேட்டு நிலத்தில் சைட் சூப்பர்வைசர். மழைக்காலத்துக்குள் அடித்தளம் போடச் சொல்லி முதலாளி விரட்டினார். இருந்த ஒரே மண்வாரி இயந்திரத்தைக் குளத்துக்கு அனுப்ப குணாளனுக்கு மனம் வரவில்லை. செனாயில் முன்பு வேலை பார்த்த இடத்துக் குளத்தின் படம் கைப்பேசியில் இருந்தது. அதைச் சேர்த்து, குளம் வெட்டியாயிற்று, ஆழம் இரண்டு மீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வடிகால் அலுவலகத்துக்கு அனுப்பினான். அடுத்த வாரம் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். இந்தத் தொழிலில் அடுத்த வாரம் என்பது வந்ததே இல்லை.

படத்தில் குளக்கரையில் ஒரு கொக்கு நின்றது. அனுமதி வந்த மறுநாள் அதே கொக்கு சைட்டின் வெற்று மண்ணில் வந்து நின்றது. காய்ந்த தரையிலிருந்து அது மீனைக் கொத்தி விழுங்கியதை ஆட்கள் பார்த்தார்கள். வேலை தலைக்கு மேல் கிடந்ததால் யாரும் அதைப் பேசவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை குணாளன் சாப்பாட்டுத் தூக்கை வீட்டில் மறந்துவிட்டான். மழை விட்டதும் வாசுகி கொண்டுவந்தாள். தூரத்திலேயே கையை ஆட்டி, "அங்கேயே நில்லுங்க, நான் வரேன்," என்றாள். சமதரையில் பத்தடி நடந்தாள். பிறகு இடுப்புவரை இறங்கினாள். பிறகு அவளைக் காணவில்லை. ஓடி வந்த குணாளனுக்கு அங்கே மண் மண்ணாகவே இருந்தது. நகம் பெயரும்வரை பிராண்டினான். ஒரு மணி நேரம் கழித்து அவள் தானாகவே மேலே வந்து தரையில் கிடந்தாள். தூக்கு மட்டும் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் வடிகால் அலுவலகத்துக்குப் போனான். குளம் பொய் என்று ஆகிவிட்டால் அவள் மூழ்கியதும் பொய்யாகிவிடும் என்று நம்பினான்.

"மேடம், அங்க குளமே இல்ல. நான்தான் பொய் எழுதிட்டேன். கேன்சல் பண்ணிடுங்க. அப்ப என் பொண்டாட்டி முழுகல, இல்லையா?"

அதிகாரி புஷ்பவள்ளி கோப்பைப் பிரித்தார். "கேன்சல் பண்றேன் தம்பி. ஆனா அவங்க திரும்பி வரமாட்டாங்க லா."

அனுமதி ரத்தானது, சைட் மூடப்பட்டது. குணாளன் வீட்டுக்கு ஓடினான். வாசலில் அவள் செருப்பு கழற்றிவைத்தபடியே கிடந்தது. வீடு காலியாக இருந்தது. அன்றுதான் அவன் வாய்விட்டு அழுதான்.

பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், அனுமதி வரைபடத்தில் உள்ள அளவிலேயே, தனி ஆளாகக் குளத்தை வெட்டத் தொடங்கினான். யாரும் தடுக்கவில்லை. ஏழு மாதம் ஆனது. கொக்கு மட்டும் கூட இருந்தது.

சரியாக இரண்டு மீட்டரில் மண்வெட்டி எதிலோ இடித்தது. தூக்கு. மூடியைத் திறந்ததும் ஆவி பறந்தது. சோறு, நெத்திலி சம்பல், ஒரு முட்டைப் பொரியல். அவன் குளத்தின் அடியிலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான்.

குளம் வெட்டுவதைக் கேள்விப்பட்டு அளந்து பார்க்க வந்த புஷ்பவள்ளி மேலிருந்து டேப்பை இறக்கி, ஆழம் சரி என்று எழுதிக்கொண்டார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை கரையில் காத்திருந்தார்.