அரை மாத்திரை

கீழப்பழுவூர் செல்லக்கண்ணு புளி உலுக்க ஏறினான். கிளை முறிந்தது. முதுகு அடிபட விழுந்தவனுக்கு அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. அது மாசியில். வைகாசியில் பாதம் இரண்டும் எரிய ஆரம்பித்தன. எப்படிப்பட்ட எரிச்சல் என்கிறீர்கள்! உச்சி வெயிலில் கொள்ளிட மணலில் வெறுங்காலோடு நிற்கிற எரிச்சல். பங்குனியில் திருமழபாடிக்கு நந்தி கல்யாணம் பார்க்கப் போனால், ஆற்றில் குளித்துவிட்டு அந்த மணலில்தான் அவனும் பெண்சாதி ராசாத்தியும் துள்ளித் துள்ளி ஓடி வருவார்கள்.

வலியில் அலறுவான், அலறி முடித்ததும் சிரிப்பான்.

"கால்ல உசிரு திரும்புது புள்ள. வர்ற பங்குனிக்கு நடந்தே போறோம் பாரு."

ராசாத்தியும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பாவம்! உப்பை வறுத்துத் துணியில் முடிந்து தினமும் ஒத்தடம் கொடுத்தாள். ஆவணியில் ஒருநாள் சூடு கூடிப்போய் உள்ளங்காலில் கொழுக்கட்டை அளவுக்குக் கொப்புளம். செல்லக்கண்ணுவுக்கு அது தெரியவே இல்லை. அவள்தான் அலறினாள்.

வண்டியில் வைக்கோல் பரப்பி அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் குருநாதன் பர்மா சண்டையில் பட்டாளத்துக்கு வைத்தியம் பார்த்துத் திரும்பியவர். அவனைக் கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் ஊசியால் குத்தினார்.

"தெரியுதா?"

"இல்லீங்க. ஆனா எரியுதுங்க."

"எரியறது நெசந்தான். ஆனா கோளாறு கால்ல இல்லப்பா, முதுகுத்தண்டுல நரம்பு நசுங்கிப்போச்சு. அங்கேருந்து மூளைக்குத் தப்பா சேதி போகுது. கால எடுத்த சிப்பாய்க்கே இல்லாத பாதம் எரியும், பாத்திருக்கேன்." ராசாத்தியிடம் திரும்பினார். "இனிமே சூடு வெக்காதீங்கம்மா. அடிக்கடி பொரட்டிப் படுக்க வைங்க. சாயங்காலம் ஒரு மாத்திரை. எரிச்சல் முழுசா போகாது, மட்டுப்படும்."

"அப்ப நடக்கறதுங்க?" என்றான் செல்லக்கண்ணு.

"அது முடியாதுப்பா."

அன்று மாத்திரை போட்டுக்கொண்டு, மூன்று மாதத்தில் முதல் தடவையாக விடிய விடியத் தூங்கினான். காலையில் எரிச்சல் எங்கோ தூரத்தில் இருந்தது. போர்வைக்குள் கால் இருக்கிற சுவடே இல்லை. கையை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் ராசாத்தி மாத்திரையும் தண்ணீருமாக வந்தாள்.

"பாதி குடு, போதும்."

"ஐயையோ, எரிச்சல் தாங்க மாட்டீங்களே!"

"தாங்கிக்குவேன் புள்ள. அந்த மணலும் ஆறிப்போச்சுன்னா நான் எதுல நடப்பேன்?"

ராசாத்தி அரிவாள்மணையில் வைத்து மாத்திரையை இரண்டாக நறுக்கினாள். ஒரு பாதியை அவன் வாயில் போட்டாள். மறு பாதியை, அவன் அலறும்போது கொடுக்கலாம் என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.