முன் சீட்டுப் பைகள்

உடையவில்லை என்று டாக்டர் சொன்னதும் நான் செய்த முதல் காரியம், குனிந்து செருப்பைத் தேடியதுதான்.

அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இன்னும் பேசிக்கொண்டிருந்தார். எலும்பு தப்பித்துவிட்டது, ஆனால் சதையும் தசைநாரும் நன்றாக நசுங்கியிருக்கின்றன, நாலு வாரம் இந்தக் காலுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்றார். என் காதில் ஏறியது முதல் பாதி மட்டும். மீதியைக் கேட்டுத் தலையாட்டும் பொறுப்பை என் கணவர் எடுத்துக்கொண்டார்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். இருபத்திரண்டு பிள்ளைகள். அந்தச் சனிக்கிழமை ஷெட்டில், வண்டிக்கு அடியிலிருந்து ஸ்டெப்னியை இறக்கும்போது சங்கிலி நழுவி, டயர் முழு கனத்தோடு என் வலது பாதத்தில் விழுந்தது. பிரேக் மிதிக்கிற கால்.

எங்கள் ஷெட்டில் பதினோரு டிரைவர்கள். நான் ஒருத்திதான் பெண். ஒரு ரூட் என் கைக்கு வர மூன்று வருஷம் ஆனது. போன வருஷம் முதுகுவலி என்று மூன்று வாரம் லீவு போட்ட ஒருவர் திரும்பி வந்து பார்த்தால், அவருடைய ரூட்டில் வேறு ஆள். இன்று அவர் வண்டி கழுவிக்கொண்டிருக்கிறார். அவருக்கே அந்தக் கதி என்றால் எனக்குக் கழுவுகிற வாளிகூட மிஞ்சாது.

திங்கட்கிழமை காலை மேனேஜர் என் கால் கட்டைப் பார்த்தார்.

"என்னம்மா, உடைஞ்சிருச்சா?"

"இல்ல சார். உடையல."

"அப்பாடா. அப்ப ஓட்டிருவீங்கல்ல?"

"ஓட்டிருவேன் சார்."

இந்த 'உடையல' என்ற வார்த்தை இருக்கிறதே, அதைப் போல ஆளை ஏமாற்றுவது வேறில்லை. உடைந்திருந்தால் மாவுக்கட்டு போட்டிருப்பார்கள், ஆளாளுக்கு வந்து பரிதாபப்பட்டிருப்பார்கள், வண்டிச் சாவியை மேனேஜரே வாங்கி ஆணியில் மாட்டியிருப்பார். உடையாததால் என் கால் எனக்கு மட்டும்தான் வலித்தது.

வலியைக்கூடப் பல்லைக் கடித்துத் தாங்கிவிடலாம். பயத்தைத்தான் தாங்க முடியவில்லை. மெதுவாக நிறுத்துவதற்குப் பாதம் ஒத்துழைத்தது. திடீரென்று யாராவது குறுக்கே வந்தால்? எங்கள் ரூட்டில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு நீண்ட இறக்கம் இருக்கிறது.

இந்தப் பயத்துக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டில் எடை பார்க்கிற மெஷின் ஒன்று இருந்தது, முள் ஓடுகிற பழைய ரகம். காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அதைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, எதிர்ச் சுவரில் முதுகை முட்டுக்கொடுத்துத் தரையில் உட்கார்ந்து, பிரேக்கை மிதிப்பதாக நினைத்து மிதிப்பேன். முதல் நாள் முள் பத்தொன்பதில் நின்றது. அதற்கு மேல் போனால் பாதத்துக்குள் ஏதோ கிழிவது மாதிரி இருக்கும், கால் தானாகப் பின்னால் வந்துவிடும். இரண்டாம் நாள் இருபத்திரண்டு. நாற்பது வந்துவிட்டால் போதும், பயமில்லை என்று சொல்லிக்கொண்டேன். யார் போட்ட கணக்கு? நானே போட்ட கணக்கு.

"தினமும் எடை பாக்குறியே, குறையுதா?" என்று கணவர் வெளியிலிருந்து கேட்டார்.

"ஏறணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது.

இறக்கம் வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவேன். ஹாண்ட்பிரேக்கில் ஒரு கை எப்போதும் இருக்கும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். கிளட்சிலிருந்து இடது காலை எடுத்துப் பிரேக்கில் வைத்துப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், அது பைத்தியக்காரத்தனம். இடது காலுக்கு மிதிக்கத் தெரிந்தது ஒரே விதம்தான், தரைவரை. இதமாக மிதிக்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்கள் வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அக்காவுக்குக் கதவக்கா என்று பேர். கதவைத் திறப்பதும் மூடுவதும் அவர்தான் என்பதால் பிள்ளைகள் வைத்த பேர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாயைத் திறந்தால் மூடமாட்டார், கதவு விஷயத்தில் மட்டும் நேர்மாறு. அந்த வாரம் என்னவோ அவர் அதிகம் பேசவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஒற்றை சீட் ஒன்று உண்டு. அதற்குத் தினமும் குடுமிப்பிடிச் சண்டை நடக்கும், தினமும் ஜெயிப்பது எல்.கே.ஜி. படிக்கிற வாயாடி. புதன்கிழமை கதவக்கா அவளைத் தூக்கிப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, அந்த சீட்டில் புத்தகப் பைகளை அடுக்கினார்.

"என் சீட்டு!" என்று அவள் அழுதாள்.

"பை வைக்க இடமில்லடா கண்ணு."

வியாழக்கிழமை அதற்குப் பின்வரிசையிலும் பிள்ளைகள் இல்லை, பைகள்தான். பிள்ளைகள் கடைசி சீட்டுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, வண்டியைக் குடோனாக்கிட்டீங்களே" என்றேன் எரிச்சலோடு.

"நீ ரோட்டப் பாரு தங்கச்சி" என்றார்.

பொதுவாக அவர் பதிலுக்கு நாலு வார்த்தை கூடவே போடுவார். எனக்கு இருந்த கவலையில் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை முள் முப்பத்தொன்றைத் தொட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கால் கட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன். இறக்கத்தில் வழக்கமாக இரண்டாவது கியருக்கு வருகிறவள், அன்று மூன்றாவதிலேயே விட்டேன்.

இடது பக்கச் சந்திலிருந்து முதலில் ஒரு ஏணியின் முனை வந்தது. தரைக்கு மேலே, தோள் உயரத்தில், தனியாக. அப்புறம்தான் அதைச் சுமந்துகொண்டிருந்த பெயின்டர் வந்தார். அவர் முகம் வேறு பக்கம் இருந்தது.

என் வலது கால் பிரேக்குக்குப் போனது. போய், தொட்டது. பிறகு திரும்பி வந்துவிட்டது. வலிக்கக்கூட இல்லை. வலிக்கப்போகிறது என்று பயந்து, என்னைக் கேட்காமல், என் கால் தானாக வந்துவிட்டது. அந்த நொடியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வண்டி போய்க்கொண்டிருந்தது, பின்னால் இருபத்திரண்டு பிள்ளைகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார்கள், பிரேக்கில் யாருடைய காலும் இல்லை.

இடது கால் வந்து மிதித்தது. தரைவரை.

டயர்கள் அலறின. இன்ஜின் குலுங்கி அணைந்தது. முன் சீட்டிலிருந்த பைகள் மொத்தமாகக் கிளம்பி முன்கண்ணாடியில் மோதின. ஏதோ ஒரு பையிலிருந்த எவர்சில்வர் டப்பா கண்ணாடியில் பட்டு, அங்கே உள்ளங்கை அகலத்துக்கு விரிசல் விழுந்தது. ஏணியின் முனை கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அப்புறம் பின்னாலிருந்து வாயாடியின் குரல்: "டிரைவரம்மா, இன்னொரு தடவ!"

பெயின்டர் கையெடுத்துக் கும்பிட்டார். ஓரத்து டீக்கடையில் நின்றிருந்த ஆட்கள் ஓடிவந்து, "நல்ல நேரத்துல மிதிச்சீங்கம்மா, வேற ஆளா இருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை. கதவுக்கம்பியைப் பிடித்து நின்றிருந்த கதவக்காவுக்கு மட்டும் உதடு கிழிந்திருந்தது. அவர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு, காலி வண்டியில் அவர் பைகளிலிருந்து சிந்திய பென்சில்களைப் பொறுக்கினார். நான் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இடது காலா?" என்று கேட்டார், நிமிராமலே.

நான் சட்டென்று திரும்பினேன்.

"எப்படித் தெரியும்?"

"மொத வாரம் செவ்வாக்கிழமையே பாத்துட்டேன். இறக்கத்துல உன் கால் பிரேக்குக்குப் போகும், நடுங்கும், மிதிக்காது. கையால இழுத்து நிறுத்துவ."

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா உன் ரூட்டு போயிரும். நீ இதுக்குப் பட்ட பாடு எனக்குத் தெரியும்ல. சொல்லாம இருந்தா புள்ளைங்க. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல தங்கச்சி. அதான் பைய வச்சேன்."

நான் கண்ணாடியில் இருந்த விரிசலைப் பார்த்தேன். முன் சீட்டில் வாயாடி உட்கார்ந்தால் அவள் தலை எந்த உயரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"பிள்ளைங்களைப் பின்னால தள்ளினீங்க சரி. நீங்க ஏன் முன்னால நின்னீங்க?"

"கதவுப் பக்கம் ஒரு ஆள் நிக்கணுமே" என்றார். உதட்டில் ரத்தம் மறுபடி கசிந்தது.

அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவ்வளவும் என்மேல் வரவேண்டிய கோபம். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன்.

மதியம், பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால், எடை மெஷினை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட வளாகத்திலேயே இருக்கிற மேனேஜர் அறைக்குள் நுழைந்தேன்.

"வாங்கம்மா, வாங்க! கேள்விப்பட்டேன். பிரேக்குன்னா அது பிரேக்கு. கண்ணாடிய நாளைக்கு மாத்திரலாம்."

நான் மெஷினை வெளியே எடுத்து அவருடைய இரும்பு பீரோவில் சாய்த்தேன். மேஜைக் காலில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்து, வலது காலால் மிதித்தேன். அவர் ஒன்றும் புரியாமல் எட்டிப் பார்த்தார். முள் இருபத்தாறு போய் நின்றது. கால் திரும்பி வந்துவிட்டது. காலையில் முப்பத்தொன்று வந்த கால்தான்.

பிறகு இடது காலால் மிதித்தேன். எழுபதைத் தாண்டியது.

"காலையில வண்டிய நிறுத்தினது இது சார்" என்றேன். "எழுபதுல மிதிச்சும் ஏணிக்கும் கண்ணாடிக்கும் ஒரு கை தூரம்தான் இருந்துச்சு."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏம்மா, உடையலன்னு சொன்னீங்களே?"

"உடையல சார். மிதிக்கவும் முடியல."

சாவியை மேஜையில் வைத்தேன். அவர் போனை எடுத்து மாற்று டிரைவரைக் கூப்பிட்டார். என் ரூட் நம்பரை அவர் சொன்னதைக் காதால் கேட்டேன். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கத் தைரியமில்லை.

பள்ளிக்கூட மணி அடித்தது. ஜன்னல் வழியாக என் வண்டி தெரிந்தது. என் சீட்டில் வேறொருவர் ஏறி, பின்பார்வைக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். கதவக்கா அவருடைய கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, பிள்ளைகள் ஏறும்போது முன் சீட்டில் அடுக்கியிருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, வாயாடியைத் தூக்கி அதில் உட்காரவைத்தார்.

எனக்கு அழுகை வெடித்தது.

மேனேஜர் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். "கால் ரொம்ப வலிக்குதாம்மா?"

"வலிக்குது சார்" என்றேன். பத்து நாளில் முதல் தடவையாக அதை ஒருவரிடம் சொன்னேன்.