மார்ஜரியின் மூக்கு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பழைய சாமான் கடையில், சுருட்டிய காகிதமாகக் கிடைத்தது. அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம். தேவாலயத் தரைகளில் பதித்த பித்தளை உருவங்களின் மேல் தாளை விரித்து, கறுப்பு மெழுகால் தேய்த்துப் படியெடுக்கும் பைத்தியம் இங்கே, இங்கிலாந்தில், பலருக்கு இருந்தது. அப்படி ஒரு படி அது. கூப்பிய கைகள், காலடியில் நாய்க்குட்டி, உதட்டோரம் குறும்பு. மார்ஜரி, இறப்பு 1438. அடியில் பென்சிலில் ஊர்ப் பெயரும் 1973 என்ற ஆண்டும்.

(குறும்பு என்று நான் சொல்கிறேன். செதுக்கியவனின் உளி சற்று வழுக்கியதாகவும் இருக்கலாம்.)

2

[கைவிட்ட தொடக்கம்: "சஃபோக்கின் வானம் அன்று..." வேண்டாம். வானத்தில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.]

[இன்னொன்று: "மார்ஜரி சிரித்தபோது..." அவள் சிரித்து யார் பார்த்தது?]

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். மூலத்தைப் பார்க்க அந்த ஊருக்குப் போனேன். தேவாலயம் பூட்டியிருந்தது. 'சாவி எதிரே வெள்ளை வீட்டில்' என்று கதவில் ஒரு சீட்டு. வெள்ளை வீட்டிலிருந்து ஈனிட் தர்லோ, எண்பத்துநான்கு வயது, முழங்கை நீளச் சாவியோடு தானே வந்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க தம்பி?"

"கதை எழுதறேன்."

"அய்யோ பாவம். தள்ளுங்க, இந்தப் பூட்டு என் கைக்கு மட்டும்தான் மசியும்."

நாற்பது வருடமாக இப்படிப் பழைய தேவாலயங்களாகச் சுற்றுகிறேன். அலுத்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே போய் அண்ணாந்தவன் கழுத்து வலிக்கும்வரை குனியவில்லை. நாற்பது வீடு தேறாத ஊர். கூரை உத்தரங்களின் நுனியில் சிறகு விரித்த இருபத்திரண்டு தேவதூதர்கள், எல்லாம் ஓக் மரம். கீழே நிற்பவன் கண்ணுக்குச் சிறகு தெரிந்தாலே அதிகம். அந்தச் சிறகில் இறகு இறகாக வரி கீறியிருக்கிறான் ஒரு தச்சன். யார் பார்ப்பார்கள் என்று அவன் யோசிக்கவே இல்லை போலிருக்கிறது. எனக்கு என் எழுத்தை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.*

* இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.

3

மார்ஜரி ஒரு கம்பளத்துக்கு அடியில் இருந்தாள். ஈனிட் அதை ஊன்றுகோலால் ஒதுக்கினார். இடப்பக்கம் குண்டுக் கன்னங்களோடு கணவர், பக்கத்தில் அவள். கூப்பிய கைகளும் நாய்க்குட்டியும் இருந்தன. அவள் முகம் இருந்த இடம் மொழுமொழுவென்று வெறும் தகடு.

"சிப்பாய்ங்க வேலை," என்றார் ஈனிட். "சமயச் சண்டை வந்துச்சே, அப்போ. பலிபீடத்துக்கு முன்னாடி அந்தத் தடுப்புப் பலகைல பாருங்க, புனிதர்ங்க மூஞ்சியெல்லாம் கத்தியால கீறி வெச்சிருக்கானுங்க. கடங்காரனுங்க."

பலகையில் கீறல் இருந்தது உண்மைதான். ஆனால் என் கக்கத்தில் இருந்த அட்டைக் குழாய்க்குள், அந்தப் படியில், மார்ஜரிக்கு முகம் இருந்தது, ஆண்டு 1973. அந்தச் சண்டை முடிந்து முந்நூறு வருடம் கழித்து. சுவரில் ஊரார் வேலைகளைப் பங்கிட்ட பட்டியல் தொங்கியது. பூ அலங்காரத்துக்கு ஆறு பேர். 'பித்தளை துடைத்தல், வெள்ளிக்கிழமை' என்பதற்கு எதிரே ஒரே பெயர்: ஈனிட் தர்லோ, 1971 முதல்.

கத்தியால் அல்ல, துணியால் போன முகம். எனக்குப் புரிந்துவிட்டது. ஒன்றுதான் புரியவில்லை: வாராவாரம் துடைக்கும் தகடு இப்படிப் பழுப்பேறிக் கிடப்பானேன்?

4

முதல் வரைவில் ஈனிட்டுக்கு ஒன்றுமே தெரியாது. படியைக் காட்டலாமா, மறைக்கலாமா என்று நான் தவிப்பதுதான் கதை. முடிவு அ: காட்டுகிறேன், அழுகிறார். முடிவு ஆ: மறைக்கிறேன், காரில் நான் அழுகிறேன். இரண்டிலும் நான் ரொம்ப நல்லவன். அதனால் இரண்டையும் கிழித்தேன்.

நடந்தது இது.

"அந்தக் குழாய்ல என்ன, தூண்டிலா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. விரித்தேன். ஈனிட் பெஞ்சில் உட்கார்ந்து தாளை மடியில் வாங்கிக்கொண்டார்.

"வாடி மார்ஜரி," என்றார். "எத்தனை வருஷமாச்சு உன்னப் பாத்து."

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "தொண்ணூத்தொண்ணுல ஒரு வெள்ளிக்கிழமை. பாலிஷ் போட்டுத் தேய்ச்சுட்டு நிமிர்றேன், மூக்கைக் காணோம், மூஞ்சியே காணோம். இருபது வருஷமா பளபளன்னு இருக்கணும்னு அவ மூஞ்சியைத்தான் அதிகமா தேய்ச்சிருக்கேன். சிப்பாயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"அப்புறம்?"

"அன்னிலேர்ந்து பாலிஷ் டப்பாவைத் தொறக்கல. ஆனா பேரை எடுத்துட்டா வேற யாராவது வந்து தேய்ப்பாங்களே! அதனால கம்பளத்தைப் போட்டு மூடிட்டு, வாராவாரம் வந்து இங்க சும்மா உக்காந்துட்டுப் போவேன். புருஷன்காரன் மூஞ்சியாவது தப்பட்டும்னு."

முப்பத்துமூன்று வருட வெள்ளிக்கிழமைகள். திறக்காத டப்பாவும் காய்ந்த துணியுமாக. நான் மறுபடி அண்ணாந்து அந்த இறகு வரிகளைப் பார்த்தேன். தச்சனைவிட இந்தக் கிழவி எனக்குப் பெரியவராகத் தெரிந்தார்.

5

அடுத்த வாரம் ஈனிட் மகள் வீட்டோடு இருக்க லீட்ஸ் நகருக்குப் போகிறார். துடைக்கும் வேலை கிளெனிஸ் என்பவருக்கு.

"அவ கை டிராக்டர் ஓட்டின கை தம்பி. புதுப் பாதிரியார் வேற, விழாவுக்கு எல்லாம் மின்னணும்னுட்டார்."

"சொல்லிடுங்களேன்."

"என்னன்னு? சிப்பாய் கதையை எழுதி, துண்டுப் பிரசுரமா அச்சடிச்சு, வாசல்ல அடுக்கி வெச்சதே நான்தானே!" தாளின் ஓரத்தை நீவிவிட்டார். "கோழைதான், தெரியும். நீங்க எழுதறவர். நான் போனப்புறம் எழுதுங்க. பேரை மாத்துங்க."

படியை அவரிடமே கொடுத்துவிட்டேன். மார்ஜரியை லீட்ஸுக்குக் கூட்டிப் போகிறாராம்.

6

பெயர்களை மாற்றிவிட்டேன். ஈனிட் ஈனிட் அல்ல, கிளெனிஸ் கிளெனிஸ் அல்ல. ஊரைச் சொன்னால் ஆளும் தெரிந்துவிடும் என்பதால் ஊர்ப் பெயரை எழுதவே இல்லை. வெள்ளிக்கிழமையை மட்டும் மாற்றவில்லை.

கதை முடியவில்லை. அது என் கையிலும் இல்லை. இதைப் படிக்கும் உங்களுக்கு வெள்ளிக்கிழமை முறை என்றால், கம்பளத்தைச் சுருட்டிவிட்டுத் துணியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து முதலில் இடப்பக்கம் பாருங்கள். அந்தக் குண்டுக் கன்னக்காரருக்கு இன்னும் மூக்கு இருக்கிறது. டப்பாவின் மூடியை நீங்கள் இன்னும் திறக்கவில்லை என்றால்,