சீர்ப் பட்டியலில் ஒரு புரோகிராம்

"நூறு பவுனு, ஒரு காரு, அப்புறம் பொண்ணு எழுதி வெச்சிருக்கிற புரோகிராமு" என்று மாப்பிள்ளையின் அப்பா செல்வகுமார் சீர்ப் பட்டியலைப் படித்து முடித்தார். தட்டு மாற்றக் கூடியிருந்த பெண் வீட்டார், காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று பக்கத்து ஆளைக் கேட்டார்கள். திண்டிவனத்திலிருந்து இரண்டு கார் நிறைய வந்த மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவருக்காவது கூச்சம் வர வேண்டுமே! ஊஹும். கேசரியில் முந்திரி தேடிக்கொண்டிருந்தார்கள்.

விழுப்புரத்து அஸ்வினி, பங்குச்சந்தையில் ஆள் கை படாமல் கம்ப்யூட்டரே வாங்கி விற்கும் முறையை ஆறு வருடம் ஆராய்ந்து, அதற்கொரு புரோகிராமும் எழுதி டாக்டர் பட்டம் வாங்கியவள். சென்னைக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர உத்தரவும் வந்துவிட்டது.

மாப்பிள்ளை பெயர் வல்லரசு. வல்லமையெல்லாம் பெயரோடு சரி. அப்பாவின் இரும்புக் கடையில் உட்கார்ந்தபடியே, போனில் பங்கு வாங்கி விற்றுப் பாதிக் கடையைக் கரைத்த சூரர். அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்தப் படித்த பெண்.

"வேலைக்கெல்லாம் போவத் தேவையில்ல. வூட்லயே குந்திக்கினு அந்த புரோகிராம ஓட்டுனா போதும்" என்றார் செல்வகுமார், பெரிய சலுகை காட்டுகிறவர் மாதிரி.

அஸ்வினியின் அப்பா வேங்கடேசன் மல்லாட்டை பயிரிட்ட நிலத்தில் பாதியை விற்றுப் படிக்க வைத்தவர். பெண்ணுக்கு முப்பதாகிறது என்ற ஊர்வாய்க்குப் பயந்து இன்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கொடுத்துவிடும்மா என்று மகளிடம் கெஞ்சினார். அவள் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஜெயம் அதற்கும் மஞ்சள் குங்குமம் இட்டு வெற்றிலைமேல் வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

"எடுத்துக்கங்க" என்றாள் அஸ்வினி. "வூட்ல இருந்து டிரேடிங் பண்றவங்க பெரிய கம்பெனி கம்ப்யூட்டருங்க கிட்ட எப்பிடித் தோக்கறாங்கன்னுதான் நான் ஆராய்ச்சி பண்ணேன். இது அதத்தான் காட்டும். ஜெயிக்கிற வழி எதுவும் இதுல இல்லைங்க."

வல்லரசு முகம் செத்துப்போயிற்று. செல்வகுமார் மட்டும் அசரவில்லை. பேனாவை எடுத்துப் பட்டியலின் கடைசி வரியை அடித்தார்.

"படிப்பு வீணாப் போச்சு, சம்மந்தி. பரவால்ல, அதுக்கு பதிலா இன்னும் முப்பது பவுனு போட்டுடுங்க."

வீணா? வேங்கடேசனுக்குச் சுருக்கென்று தைத்தது. விற்ற நிலத்துக்குக்கூட அவர் இப்படி வருந்தியதில்லை. ஊர்வாயெல்லாம் அந்த நிமிடம் மறந்துபோயிற்று.

"வீணாப் போவலைங்க" என்றார் எழுந்து நின்று. "எம் பொண்ண உங்க வூட்டுக்கு அனுப்பியிருந்தா அவ எப்பிடித் தோத்திருப்பான்னு எனக்கு இன்னிக்கே தெரிஞ்சிபோச்சு. நீங்க கெளம்புங்க."

திமிரு பிடித்த குடும்பம் என்று முணுமுணுத்தபடி எல்லோரும் எழுந்தார்கள். கொண்டுவந்த பழத்தையும் பூவையும் ஒன்று விடாமல் ஜெயம் பைக்குள் திணித்துக்கொண்டார்.

வாசலில் செருப்பை மாட்டிய செல்வகுமார் ஏதோ நினைத்துத் திரும்பினார்.

"சரி, இருபது பவுனு?"

அஸ்வினி கதவைச் சாத்தினாள்.