கரும்பலகையில் வந்த சொல்

ஊர்ப் பெரிய மனிதரான சீஃப் இத்தாம் கடைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுமே அசுக்வோ தட்டச்சை நிறுத்திவிட்டான். மேசைமேல் அவர் விரித்து வைத்த தாளை அவன் படித்துப் பார்க்க வேண்டியதில்லை. அதை எழுதியவனே அவன்தான்.

காலபார் நகரத்துக்கு வடக்கே, ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சிற்றூரில் அசுக்வோவுக்கு 'டிக்ஷனரி' என்று பெயர். தட்டச்சு செய்தும் நகல் எடுத்தும் கொடுக்கும் கடை அவனுடையது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்களே என்ற கோபத்தில், இருபது வருடமாக நாளுக்கொரு இங்கிலீஷ் சொல்லாக அகராதியைத் தின்றுகொண்டிருந்தான். சின்னச் சொல்லெல்லாம் அவனுக்குச் சோளப்பொரி. நாக்கு சுளுக்கும் சொல்தான் வேண்டும். காலையில் அதைக் கடைவாசல் கரும்பலகையில் பொருளோடு எழுதுவான். அன்று முழுக்கக் கண்ணில் படுகிறவர் மீதெல்லாம் அதைப் பிரயோகித்துத் தீர்ப்பான். ஊர் சிரிக்கும். அவனும் கூடச் சிரிப்பான், உள்ளுக்குள் பெருமைதான்.

சீஃப்பின் இயந்திரப் படகுகள் மணலை அள்ளி அள்ளிக் கரை சரிந்துகொண்டே வந்தது. போன மழையில், கடைக்கு எதிரே அக்காரா என்னும் பயற்று வடை சுட்டு விற்கும் அரித்தின் வீட்டு அடுப்படி அப்படியே ஆற்றோடு போயிற்று. நியாயம் கேட்கப் போன மீனவர் சங்கச் செயலாளர் இரண்டு கையும் முறிந்து திரும்பினார். அதனால், மணல் அள்ளுவதை நிறுத்தச் சொல்லி அரசுக்கு எழுதிய மனுவில் அசுக்வோ தன் பெயரைப் போடவில்லை. வண்டி மாறி வண்டி ஏறிக் காலபாருக்குப் போய்த் தபாலில் சேர்த்தான். இத்தனையும் யோசித்தவன் ஒன்றை யோசிக்கவில்லை. மனுவின் நடுவே, ஆசையை அடக்க முடியாமல், தன் சேமிப்பிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வைத்துவிட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? மனுவை வாங்கிய அலுவலகமோ, யார்மேல் புகாரோ அவருக்கே ஒரு நகலை அனுப்பிவிட்டது.

"சிவப்புக் கோடு போட்டிருக்கேன் பாரு. வாசி," என்றார் சீஃப்.

"ரபேஷஸ்." கோடு போட்ட அந்த ஒரு சொல்லை மட்டும் வாசித்தான்.

"என்ன அர்த்தம்?"

"பிறத்தியார் சொத்தை... அடங்காத ஆசையில பறிச்சுத் திங்கிறவன்னு, சீஃப்."

"என்னைத்தான் சொல்றான்." சிரித்தார். வாசலில் நின்ற அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். "மூணு மாசம் முந்தி இந்த வார்த்தையை உன் பலகையில பார்த்தேன். பயப்படாதே, நீ எழுதலை. உனக்கு வாய் மட்டுந்தான், எழுதுற தைரியமெல்லாம் உனக்குப் பத்தாது, எனக்குத் தெரியாதா? உன் பலகையைப் பார்த்துக் கத்துக்கிட்ட எவனோ எழுதியிருக்கான். அவன் பேரைச் சொல்லிடு. நான் பாட்டுக்கு எழுந்து போறேன்."

அசுக்வோ தாளையே பார்த்தான். ஒரு பெயர் போதும். யார் பெயராக இருந்தாலும் போதும். வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு பெயர் வந்துவிடுமோ என்று தன் நாக்கைக் கண்டே அவன் பயந்தான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து அரித்தின் குரல் வந்தது. "ரபேஷஸா? அது ஊருக்கே தெரிஞ்ச வார்த்தையாச்சே சீஃப். என் ஆடு ரபேஷஸ். என் கொழுந்தன் அதைவிட ரபேஷஸ்."

வாடகை பைக்கில் சவாரிக்குக் காத்திருந்த உபோங் விடவில்லை. "அக்கா, பெட்ரோல் ஊத்துறவனை விட்டுட்டியே."

பள்ளிக்கூடம் போகிற பெண்கள் மூன்று பேர் அந்தச் சொல்லைப் பாட்டாகவே பாடிக்கொண்டு போனார்கள். சீஃப்பின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. தெருவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அரித்தின் அடுப்புக்கு முன்னால் நின்றார்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"எங்கே சீஃப். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நிறுத்திக் கேட்டுக்குவேன். வார்த்தைக்கு ஒரு அக்காரா கூலி."

"நல்லாப் பேசுறே," என்றார் சீஃப். அவ்வளவுதான், காரில் ஏறிப் போய்விட்டார். அந்த இரண்டு வார்த்தைதான் அசுக்வோவை அன்று முழுக்கத் தின்றது. அரித்திடம் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. சொன்னால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம்.

மூன்றாம் நாள் காலை கடை திறக்க வந்தவன் தெருவில் எண்ணெய் பரவிக் கிடப்பதைப் பார்த்தான். அடுப்பு உடைந்திருந்தது. அரித் வெந்துபோன வலது கையில் ஈரத்துணி சுற்றி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"கால் தடுக்கிடுச்சு தம்பி," என்றாள்.

"தடுக்கினது ரெண்டு பேரோட காலு அண்ணே," என்றான் உபோங். "விடிஞ்ச வெளிச்சத்துல, எல்லாரும் பார்க்க."

"என்ன கேட்டாங்க, அக்கா?" என்றான் அசுக்வோ.

"எழுதினது யாருன்னு."

"நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னேன்." அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் துணியைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

அசுக்வோ கடைக்குள் போனான். காலபாரில் தங்கை வீடு இருக்கிறது. ஒன்பது மணிக்கு வண்டி. கடைக்கொடியில் கிடந்த மாற்றுச் சட்டை இரண்டைப் பையில் எடுத்து வைத்தான், கதவைப் பாதி இழுத்தும் விட்டான். இதை மறைத்துப் பயனில்லை, அவன் ஓடத்தான் நினைத்தான். கதவிடுக்கு வழியாக, அரித் இடது கையால் அடுப்புக்கல்லைப் பொறுக்குவது தெரிந்தது. அவமானம் அவனை நெஞ்சில் உதைத்தது.

பையை வைத்துவிட்டுச் சாக்கட்டியை எடுத்தான். அகராதியை அவன் திறக்கவில்லை. ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடக்கூடிய இங்கிலீஷில், பலகையில் ஒரே வரி எழுதினான். கீழே பெயர். பலகையை வெளியே கொண்டுவந்து தெருவைப் பார்க்க வைத்தான்.

அரித் வழக்கம்போல ஒரு பள்ளிப்பெண்ணை நிறுத்தினாள். "இன்னைக்கு என்னடி வார்த்தை?"

அந்தப் பெண் படித்தாள். "அந்த மனுவை எழுதியது நான். அசுக்வோ எஃபியோம்."

"போடா பைத்தியக்காரா. அழிச்சுடுடா அதை," என்று கத்தினாள் அரித்.

அவன் அழிக்கவில்லை. பலகைக்குப் பக்கத்தில் வாசல்படியிலேயே உட்கார்ந்தான். இருபது வருடம் சேர்த்த சொற்களில் ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

சற்று நேரத்தில் ஆற்றுத் திருப்பத்தில் சீஃப்பின் கார் சத்தம் கேட்டது. உபோங் தன் பைக்கைத் தள்ளிவந்து கடைக்கு நேர் எதிரே குறுக்காக நிறுத்தினான். அரித் இடது கையால் ஸ்டூலை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்து, அசுக்வோவின் பக்கத்தில் போட்டாள்.

"தள்ளி உக்காரு," என்றாள்.