பந்து விழுந்த தடம்

ஷூவின் நுனிக்கு அடியில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு தடம், பாதி சுண்ணாம்புக் கோட்டின் மேல், பாதி செம்மண்ணில், கோமதி காலை லேசாகத் திருகுகிறாள், தடம் கலைந்து வெறும் மண்ணாகிறது, அவுட், என்று யாரோ சொல்கிறார்கள், அது அவள் குரல்தான், இருபத்து நான்கு வருடமாக விடியற்காலைக் கனவில் வந்துபோகிற குரல். ஆனால் இன்று அவள் விழித்துக்கொண்டுதான் நிற்கிறாள், வெயில் சுடுகிறது, பாளையங்கோட்டையில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கான டென்னிஸ் இறுதி ஆட்டம், வலைக்கு அந்தப் பக்கம் அன்றைக்கு எதிரில் ஆடிய அதே பிலோமினா, இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் கோமதிக்குக் கோப்பை, பிலோமினா தூக்கி அனுப்பிய பந்து வேப்பமரத்துக்கும் மேலே போய், இறங்க மனமில்லாததுபோல் வானத்தில் நிற்கிறது.

பிலோமினா எந்தக் காலத்திலும் பந்தை அடித்ததில்லை, திருப்பித்தான் அனுப்புவாள், மூலைக்கு அடித்தாலும் காலடியில் அடித்தாலும் ஆளில்லாத வீட்டுக்குப் போன தபால் மாதிரி அது திரும்பி வரும், கல்லூரி நாட்களில் இருவரும் ஆடினால் மரத்தடியில் இருக்கும் பெண்கள் கத்துவார்கள், ஏட்டி பிலோ, சீக்கிரம் தோத்துத் தொலையேன், ஹாஸ்டல்ல சோறு தீந்துரும், பிலோமினா சிரிப்பாள், நான் எங்கட்டி ஜெயிக்கேன், அவதான் பொறுக்கமாட்டாம வெளிய அடிக்கா, அது உண்மைதான், இருபது தரம் திரும்பி வந்த பந்தை இருபத்தோராவது தரம் கோமதி ஆத்திரத்தில் வேலிக்கு அடிப்பாள், விளையாட்டுக் கோட்டாவில் ஒரே ஒரு வங்கி வேலை, அதற்கான தேர்வு ஆட்டத்தில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் பாயிண்ட் வரை வந்துவிட்டாள், அப்போதும் இப்படித்தான் ஒரு பந்து உயரப் போய்க் கோட்டில் விழுந்தது, கோட்டைத் தொட்டாலே உள்ளே என்றுதான் கணக்கு, நடுவர் கிடையாது, அவரவர் பக்கத்தை அவரவர்தான் சொல்ல வேண்டும், சந்தேகமென்றால் எதிராளி வந்து தடத்தைப் பார்க்கலாம், பிலோமினா வலை வரை நடந்து வந்தாள், உள்ளயாட்டி, வெளியவா, என்று கேட்டாள், வெளிய, என்றாள் கோமதி, அதற்குள் தடம் இல்லை, பிலோமினா அவள் காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள், சரிட்டி, என்று திரும்பிப் போனாள், எல்லாவற்றையும் திருப்பி அனுப்புகிறவள் அந்த ஒன்றை மட்டும் திருப்பவில்லை, வங்கி நாற்காலி கோமதிக்கு, ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர் வேலை அவளுக்கு, கோமதியின் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பாயசம் பரிமாறினாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பந்து இறங்குகிறது, வெளியே போய்விடும் என்று கோமதி விட்டுவிடுகிறாள், பொத்தென்று கோட்டில் விழுகிறது, பிலோமினா வலை வரை வருகிறாள், தலை நரைத்திருக்கிறது, நடை மாறவில்லை, உள்ளயாட்டி, வெளியவா, கோமதியின் கால் தானாக எழும்பித் தடத்துக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நிற்கிறது, எந்த வருடத்தில் நிற்கிறோம் என்று ஒரு கணம் தெரியவில்லை, பிறகு காலைப் பின்னுக்கு இழுத்து, மட்டையின் நுனியால் தடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறாள், உள்ளதான்ட்டி, என்கிறாள், மூச்சு வாங்குகிறது, அன்னைக்கும் உள்ளதான்ட்டி விழுந்துச்சு.

தெரியும், என்கிறாள் பிலோமினா, ஒன் ஷூ நுனியில சுண்ணாம்பு ஒட்டியிருந்துச்சுல்லா, சரி, பந்தப் போடு, வெயில் ஏறுது.

வட்டத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போகிறாள் கோமதி, பந்தைத் தரையில் தட்டும்போது குனிந்து பார்க்கிறாள், ஷூ நுனியில் வெறும் செம்மண்தான் இருக்கிறது.