ரம்பம் தொடாத செருப்பு

அந்த வீட்டில் ரம்பத்தின் பல் படாதவை தையல்காரியின் பொருட்கள் மட்டும்தான். ரம்பம் என்பது நாய்க்குட்டி. பெயர் வைத்தவள் அவள் கணவரின் மகள். அவருடைய ஷூ, மகளின் பள்ளிப்பை, டிவி ரிமோட், சோபா மூலை எல்லாம் அதன் வாய்க்குள் போய் வந்தவை. இரண்டாம் தாரமாக வந்து சில மாதங்களே ஆன தையல்காரியின் செருப்பு மட்டும் கடைச் சரக்கு மாதிரி புத்தம் புதிதாகக் கிடந்தது.

அதை அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தாள், கால்நடை மருத்துவரைப் பார்க்கும்வரை.

"பல்லு முளைக்கிற வயசு, ஈறு குறுகுறுன்னு இருக்கும். தனியா விட்டுட்டுப் போனா, பிரியமானவங்க வாசனை எதுல இருக்கோ அதைத் தேடி எடுத்துக் கடிக்கும்" என்றார் அந்த டாக்டரம்மா. "பழைய ஷூவை விளையாடக் கொடுத்தீங்களோ?"

கணவர் அசடு வழியத் தலையாட்டினார்.

"அப்புறம் புதுசைக் கடிச்சா ஏன் திட்டுறீங்க? எது பழசு, எது புதுசுன்னு அதுக்கு என்ன தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. பிரியமானவங்க! அப்படியென்றால் நாய்கூடத் தன்னை வீட்டு ஆளாகச் சேர்க்கவில்லை. மகளும் வாங்க, போங்க என்று மரியாதையாகப் பேசுவாளே தவிர, ஒருநாளும் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை.

வீடு திரும்பியதும் கணவர் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னும் ஒரு பொருள் போச்சுன்னா, இதைக் கொண்டுபோய் எங்க கம்பெனி குடோன்ல காவலுக்கு விட்டுடுவேன்." மகள் அன்று சாப்பிடவே இல்லை.

தையல்காரி களத்தில் இறங்கினாள். கெட்டித் துணியை முடிச்சுப்போட்டு, நனைத்து, ஃப்ரீசரில் உறைய வைத்துக் கொடுத்தாள். ஷூக்களை அலமாரிக்குள் ஏற்றினாள். வாயில் வேறு ஏதாவது இருந்தால் பிடுங்காமல், முடிச்சுத் துணியைக் காட்டி மாற்றிக்கொண்டாள். மாலையில் மகளும் அவளுமாக அதை நடக்கக் கூட்டிப்போனார்கள். களைத்த நாய்க்குத் தூங்கத்தான் நேரம் இருந்தது.

ஒருநாள் தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வந்தபோது, ரம்பம் தையல் மிஷின் அடியில் கண்ணை மூடி எதையோ மென்றுகொண்டிருந்தது. அவளுடைய அளவு நாடா. நாளெல்லாம் அவள் கழுத்தில் கிடப்பது, அன்று மறந்து நாற்காலியில் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

பதறிப்போய் முடிச்சுத் துணியை நீட்டி நாடாவை வாங்கினாள். துண்டு ஏதும் வயிற்றுக்குள் போய்விட்டதோ என்று பொறுக்கிச் சேர்த்துப் பார்த்தாள். கடிபட்ட முதல் ஐந்து அங்குலமும் துண்டு துண்டாகத் தரையிலேயே இருந்தது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அப்படியே உட்கார்ந்து நாயைக் கட்டிக்கொண்டாள். "உனக்குக் கோடிப் புண்ணியம்டா கண்ணு" என்றாள், கண்ணீர் பொலபொலவென்று கொட்ட.

நிமிர்ந்தால் வாசலில் மகள், முகம் வெளுத்து நின்றிருந்தாள். பின்னாலேயே கணவர்.

"என்ன அது, துண்டு துண்டா?"

"கத்தரிக்கோல் பட்டுடுச்சு."

"கத்தரிக்கோலுக்கு எச்சில்கூட ஊறுமா?"

தையல்காரி எழுந்து நின்றாள். "இது என் பொருளு. கேக்குறதுன்னா நான்தான் கேக்கணும். நான் கேக்கலை."

அவர் நாயைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு டீ போடப் போய்விட்டார்.

தையல்காரி வேறு நாடா வாங்கவில்லை. மறுநாள் மகளின் சீருடைக்கு அதே நாடாவால் இடுப்பளவு எடுத்தாள்.

"அஞ்சைக் கழிச்சுக்கோங்க சித்தி" என்றாள் மகள்.

தையல்காரிக்கு நாடாவில் எண் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை அளந்தாள்.